உறைகளுக்குப் பொறுப்பானவர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவி, வேறு யாருமே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டதால் கிடைத்தது. அத்தான் அதைத் தன் திறமைக்குக் கிடைத்த பரிசு என்று நம்பினார். நம்பினார் என்று நாங்கள் நம்பினோம்.

ஷாம்பு, பற்பசை, சோப்புத் தூள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் ஸ்டோர்ஸில் இருந்தார். பேக்கிங் சுருள்கள் லாரியில் வந்து இறங்கும்போது எடை பார்த்து உள்ளே அனுப்புவதுதான் வேலை. பளபளவென்று மின்னும் அந்தச் சுருள்கள்தான் பிறகு ஷாம்பு பாக்கெட்டாகி, கடைகளில் தோரணம் மாதிரி தொங்கி, கடைசியில் சாக்கடையில் போய் அடைத்துக்கொள்ளும். வேலையில் அவர் மோசமில்லை. ஆனால் மேலே இருப்பவர்கள் யார் வந்தாலும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நிற்பார். முழுசாக எழுந்தால் அவர்களுக்குத் தொந்தரவு, உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு. அந்தப் பாதி நிலையிலேயே அவருக்கு முதுகு வளைந்துவிட்டது என்று அக்கா சொல்லுவாள். அக்கா மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். முதுகைப் பற்றி அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. யார் யார் பாக்கெட்டும் பாட்டிலும் கவருமாகச் சரக்கைச் சந்தைக்கு அனுப்புகிறார்களோ, அவர்களே அந்த உறைகளில் ஒரு பங்கைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்து காட்ட வேண்டும். தாங்களே செய்ய முடியாவிட்டால் மறுசுழற்சி மில் வைத்திருக்கிறவருக்குப் பணம் கொடுத்துச் செய்ய வைக்கலாம். இத்தனை எடை பிளாஸ்டிக்கை உருக்கிவிட்டேன் என்று மில்காரர் ஒரு சான்றிதழ் தருவார். இதற்கெல்லாம் பொறுப்பு இன்னார் என்று கம்பெனி ஒருவரை அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும்.

கம்பெனியில் இதைப் படித்துப் புரிந்துகொண்ட முதல் ஆள் வக்கீல். உறைகளைப் பற்றி வந்த பகுதியை அவர் மேலோட்டமாகத்தான் படித்தாராம். தண்டனையைப் பற்றி வந்த பகுதியை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படித்திருக்கிறார். உற்பத்தி மேலாளர் தனக்கு ரத்தக் கொதிப்பு என்றார். கணக்குத் தலைவர் தனக்குப் பிளாஸ்டிக் என்றாலே என்னவென்று தெரியாது என்றார். ஷாம்பு பாக்கெட்டில் சம்பாதித்து வீடு கட்டின மனுஷர். இப்படி ஒவ்வொருத்தராக நழுவின பிறகு, கையெழுத்துப் போடத் தெரிந்த, கேள்வி கேட்கத் தெரியாத ஒரு ஆளைத் தேடினார்கள். ஸ்டோர்ஸில் பாதி எழுந்து நின்றவர் கண்ணில் பட்டார்.

பழைய ஜெராக்ஸ் மெஷினும் கால் உடைந்த நாற்காலிகளும் கிடந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். வாசலில் 'சுற்றுச்சூழல் பொறுப்பாளர்' என்று பலகை. முதுகில் இலை படம் போட்ட ஒரு பச்சைக் கோட்டும் தந்தார்கள். சின்ன முதலாளி அவர் தோளில் கைபோட்டு நின்ற போட்டோவை அத்தான் பெரிதாக்கி, பிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். அக்கா கல்யாணப் போட்டோ அதற்காகப் பீரோவுக்குப் பின்னால் போனது.

அதன்பிறகு அந்த வீட்டில் மனுஷர் நிம்மதியாக ஒரு கவரைக் கிழிக்க முடியவில்லை. பால் பாக்கெட்டை இப்படியா வெட்டுவது, மூலையில் வெட்டின துண்டு எங்கே, அது மண்ணில் எத்தனை தலைமுறை கிடக்கும் தெரியுமா என்று அக்காவைப் பிடித்துக்கொள்வார். நான் ஒருதடவை மிட்டாய்க் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டேன். படித்தவளே இப்படிச் செய்தால் நாடு என்னாகும் என்று கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லித்தருகிறவள். காகிதத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அதே வாரம் அவருடைய கம்பெனி பெரிய பாட்டில்களைக் குறைத்து, சின்னப் பாக்கெட்டுகளை இரண்டு மடங்காக்கியிருந்தது. பளபளப்பு போதவில்லை என்று பாக்கெட்டுக்குள் இன்னொரு அடுக்கும் சேர்த்திருந்தார்கள். இப்படி அடுக்கடுக்காக ஒட்டின உறையை யாராலும் சுலபமாகப் பிரித்து உருக்க முடியாது. இதைச் சொன்னபோது, அது மார்க்கெட்டிங் விஷயம், தன் அறைக்கு வராது என்று அத்தான் சொல்லிவிட்டார். ஊரில் உள்ள உறையெல்லாம் அவர் பொறுப்பு. அவர் கம்பெனி உறை மட்டும் வேறு யாருடையதோ.

எங்கள் பள்ளிக்கும் வந்தார். பச்சைக் கோட்டோடு மேடையில் ஏறி, பூமித்தாய் அழுகிறாள் என்று ஆரம்பித்தார். பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்தது. பூமித்தாய் எதற்கு அழுகிறாள் என்று கடைசிவரைக்கும் அவர் சொல்லவில்லை. சொன்னால் கம்பெனி பெயர் வந்துவிடும். பேச்சு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அன்பளிப்பு கொடுத்தார்கள். ஒரு ஷாம்பு பாக்கெட், ஒரு பற்பசை, ஒரு சோப்புத் தூள், மூன்றும் தனித்தனி உறையில், மூன்றையும் சேர்த்து ஒரு பெரிய கவரில். பிள்ளைகள் பிள்ளைகள்தானே. கால் மணி நேரத்தில் குழாயடி முழுக்க நுரை. ஒருத்தன் தலையில் ஒருத்தன் ஷாம்பைப் பிதுக்கினான். மைதானம் பூராவும் கிழிந்த கவர். போட்டோ எடுக்க வந்தவர்கள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டதால் அது எந்தப் படத்திலும் இல்லை. அத்தானும் காரில் ஏறிப் போய்விட்டார். நானும் வாட்ச்மேனும் இருட்டும்வரை பொறுக்கினோம். வாட்ச்மேன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டீச்சர், இப்ப பேசிட்டுப் போனாரே, அவருக்கு என்ன வேலை?" எனக்குச் சொந்தக்காரர் என்று அவரிடம் சொல்லவில்லை.

கம்பெனி சான்றிதழ் வாங்கின மில்லைப் பொறுப்பாளர் நேரில் பார்த்துவிட்டுத்தான் அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி இருந்தது. அத்தான் ஒருதடவை போய்வந்தார். கம்பெனி கார், கம்பெனி டிரைவர், போகிற வழியில் ஓட்டலில் சாப்பாடு. திரும்பி வந்து எங்களிடம் அளந்தார் பாருங்கள். மெஷின் எவ்வளவு பெரிது, மில்காரர் எவ்வளவு மரியாதை, உட்கார வைத்துக் கூல்டிரிங்க்ஸ் கொடுத்தது, அன்றைக்குக் கரண்ட் இல்லாததால் மெஷினை ஓட்டிக் காட்ட முடியவில்லை என்று அவரே வருத்தப்பட்டது. மெஷின் மேல் கை வைத்து நிற்கிற போட்டோவையும் காட்டினார். வேட்டையாடின புலி மேல் கால் வைத்து நிற்கிறவர் மாதிரி நின்றார். பாவம், வெளுத்ததெல்லாம் பால் இவருக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். அவள் அவரை மன்னித்துக்கொண்டே குடும்பம் நடத்தியதற்கு அந்த நினைப்புதான் காரணம்.

இப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓடியது. கம்பெனி தன் ஷாம்பு பாக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு பச்சை முத்திரை அச்சடித்தது. நாங்கள் அனுப்பியதைவிட அதிகமாகத் திரும்ப எடுக்கிறோம் என்று விளம்பரம் வேறு. எங்கள் தெருச் சாக்கடையில் அந்த முத்திரையைக் குனிந்தாலே படிக்கலாம்.

பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புதிதாக வந்த ஒரு ஆய்வாளர், சின்ன வயசுப் பெண், யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல் அந்த மில்லுக்குப் போய் நின்றார். கூரை பிய்ந்த ஒரு ஷெட். உள்ளே ஒரு மெஷின். பின்பக்கம் காலி மனை முழுக்க மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, மலையாகக் குவிந்து கிடந்த உறைகள். உருக்கிவிட்டதாகச் சான்றிதழ் கொடுத்த உறைகள். மில்காரர் அன்றைக்கே தலைமறைவு. கம்பெனிக்கு நோட்டீஸ் வந்தது.

சின்ன முதலாளி அத்தானைக் கூப்பிட்டு, இதுவரை இல்லாத வழக்கமாக, உட்காரச் சொன்னாராம். காபி வந்ததாம். மில்காரன் உங்களை ஏமாற்றிவிட்டான், உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது, ஆனால் மேற்பார்வை உங்களுடையது, அதனால் தவறு என் கவனக்குறைவுதான் என்று நீங்கள் விசாரணையில் சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் இருந்த வக்கீல் விளக்கியிருக்கிறார். கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள், அப்புறம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், குடும்பம் மாதிரிதானே நாம் என்றாராம் சின்ன முதலாளி. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அத்தானுக்கு அந்தக் 'குடும்பம்' என்ற வார்த்தைதான் பெரிதாகத் தெரிந்தது. அதைச் சொல்லும்போது கண் கலங்கினார்.

அக்கா கேட்டாள், "ஏங்க, பலி கொடுக்கப் போற ஆட்டுக்குக்கூட மாலைதான் போடுவாங்க. உங்களுக்கு வெறும் காபியோட முடிச்சுட்டாங்களா?"

அவருக்குக் கோபம் வந்தது. பெரிய இடத்து விஷயம் உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டுப் பச்சைக் கோட்டை இஸ்திரி போட எடுத்துப் போனார்.

விசாரணைக்கு அக்காவும் நானும் கூடப் போனோம். அரசாங்கக் கட்டடத்தின் மாடியில் நீளமான அறை. சுவரோரம் பைல் கட்டுகள், மேலே நிதானமாகச் சுற்றுகிற விசிறி. கூட வந்தவர்கள் பின்வரிசையில் உட்காரலாம் என்று ஆய்வாளரே சொன்னார். அவர் பக்கத்தில் இரண்டு மூத்த அதிகாரிகள், அவர்களில் ஒருவர் தூக்கத்தில் இருந்தார். கம்பெனி சார்பில் வக்கீலும் அத்தானும். சின்ன முதலாளி வரவில்லை. அவருக்கு வெளிநாட்டில் ஒரு சுற்றுச்சூழல் மாநாடாம். சிரிக்காமல் சொன்னார்கள்.

வக்கீல் நன்றாகத்தான் பேசினார். மில்காரனின் மோசடி, கம்பெனியின் நல்லெண்ணம், நட்ட மரங்கள் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வந்தார். கடைசியில், காரியம் கைகூடிவிட்ட தெம்பில், கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டார்.

"மேடம், இவரு ஸ்டோர்ஸ்ல லாரி எடை பாத்துட்டு இருந்தவரு. பெருசா படிப்பு கிடையாது. விவரம் பத்தாது. ஒரு மெஷின் ஓடுற மெஷினா, ஓடாத மெஷினான்னு பாத்துச் சொல்ற அளவுக்குக்கூட அவருக்குத் தெரியாது. அதுதான் நடந்த தப்பு."

எனக்கு முன்னால் அத்தானின் பின்கழுத்து தெரிந்தது. அது மெல்லச் சிவந்தது. ஆய்வாளர் அவர் பக்கம் திரும்பி, அப்படியா சார் என்று கேட்டார். ஒரு தலையாட்டல் போதும். வாழ்நாள் முழுக்க வேறு எதையும் செய்யாத தலை. அது ஆடவில்லை.

"இல்ல மேடம்," என்றார். "எனக்குத் தெரியும்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த மெஷின்ல மோட்டாரே கிடையாது. மோட்டார் இருக்க வேண்டிய எடத்துல செங்கல் வச்சிருந்தான். பெல்ட் போடுற சக்கரத்துல சிலந்தி வலை. நான் ஸ்டோர்ஸ்ல சரக்கு எறக்கினவன், எனக்கா தெரியாது? அவன் எழுதிக் கொடுத்த எடைக்கு லாரி உள்ள வந்து திரும்பவே அந்த ஷெட்டுல எடம் பத்தாது. போன உடனே கண்டுபிடிச்சுட்டேன்."

"கண்டுபிடிச்சும் கையெழுத்துப் போட்டீங்களா?"

"திரும்பி வந்த அன்னைக்கே சின்ன முதலாளிகிட்ட நேர்ல சொன்னேன். இந்த வக்கீல் சாரும் அங்கதான் உட்காந்திருந்தாரு. 'உங்களை மோட்டார் பாக்க அனுப்பல, கையெழுத்துப் போடத்தான் அனுப்பினோம்'னு சொன்னாங்க. போட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் குரலாக அது இல்லை. பரீட்சையில் முதலாவதாக வந்தவர் குரல். விவரம் பத்தாது என்று சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திருடன் என்று சொல்லியிருந்தால் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டிருப்பார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. தூங்கிக்கொண்டிருந்த அதிகாரி விழித்துக்கொண்டார். இவர் பதட்டத்தில் ஏதேதோ பேசுகிறார் என்றார் வக்கீல். பதட்டமாக இருக்கிற மாதிரி தெரியவில்லையே என்று ஆய்வாளர் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார். அத்தான் இன்னும் விவரமாகச் சொன்னார். யாரும் கேட்காததையும் சொன்னார். புது அடுக்கு சேர்த்த சுருள்களைப் பற்றிக்கூடச் சொன்னார். அந்த உறையை உருக்கவே முடியாது என்று சுருள் விற்கிறவனே தன்னிடம் சொல்லியிருக்கிறான் என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அத்தானைப் பார்க்கவில்லை, சுவரோரப் பைல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். அத்தான்தான் பஸ் முழுக்கப் பேசினார், வக்கீல் முகம் போன போக்கைப் பார்த்தாயா என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார். வீட்டுக்குள் வந்து அவர் கோட்டைக் கழற்றும்போது அக்கா சொன்னாள்:

"உங்களை முட்டாள்னு நெனச்சுதான் இத்தனை வருஷம் உங்ககூடச் சமாதானமா இருந்தேன். முட்டாளைக் கட்டிக்கிட்டா பொறுத்துக்கலாம், அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. நீங்க தெரிஞ்சு செஞ்சிருக்கீங்க. தெரிஞ்சுக்கிட்டே வீட்டுக்கு வந்து, பால் கவரை ஒழுங்கா வெட்டலைன்னு என்னைத் திட்டியிருக்கீங்க."

எல்லாம் வீட்டுக்காகத்தானே செய்தேன் என்றார் அத்தான்.

"வீடு கேக்கல," என்றாள் அக்கா. உள்ளே போய் அரிசி களையத் தொடங்கினாள். அந்த நாளிலிருந்து பல மாசம் அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் அந்த அமைதி ஏன் என்று புரியவில்லை. உண்மையைச் சொன்னதற்கு வீட்டில் பாராட்டு இல்லையே என்று என்னிடமே வந்து குறைபட்டுக்கொண்டார். "அத்தான், அன்னைக்கு உங்களுக்கு ரோஷம் வந்தது, அதுக்குப் பேரு நேர்மை இல்லை," என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

கம்பெனி அவரை வேலையிலிருந்து எடுத்தது. அவர் சொன்னது பொய் என்றார்கள், பிறகு பழிவாங்கல் என்றார்கள். ஆனால் மில்லுக்கு அழைத்துப் போன டிரைவர், அத்தான் திரும்பும்போது காரிலேயே மோட்டார் இல்லாத கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்ததாகச் சாட்சி சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டு வந்தாராம். அக்காவுக்கு இதை யாரும் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். அவள் பேப்பரில் படித்துவிட்டாள்.

அபராதம் போட்டார்கள். ஒரு விளம்பரத்துக்கு ஆகிற செலவுகூட இல்லை, கம்பெனி அதைக் கட்டிவிட்டு மறுநாளே விளம்பரமும் கொடுத்தது. ஆனால் ஆய்வாளர் விடவில்லை. மில்லின் காலி மனையில் கிடக்கிற உறைகளைக் கம்பெனியே தன் செலவில் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், இனிமேல் பொறுப்பாளராக முதலாளி குடும்பத்தைத் தவிர வேறு யாரையும் காட்டக்கூடாது என்றும் உத்தரவு வாங்கினார். கம்பெனி மேல்முறையீட்டுக்கு ஓடியது, பலிக்கவில்லை.

அந்த உறைகள் லாரி லாரியாகத் திரும்பி வந்ததை நானே பார்த்தேன். பள்ளிக்குப் போகிற வழியில்தான் அந்தத் தலைமை அலுவலகம். கண்ணாடிக் கதவு, சின்னச் செயற்கை நீரூற்று, அதற்குப் பக்கத்தில் கார் நிறுத்துமிடம். வேறு எந்த மில்லும் அந்த நாற்றத்தை வாங்கிக்கொள்ளாததால் அங்கேதான் கொட்டினார்கள். வரவேற்பில் இருக்கிற பெண்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டார்கள். காற்றடித்தால் பாக்கெட்டுகள் பறந்துபோய் நீரூற்றில் மிதந்தன. சின்ன முதலாளியின் கார் தெருவில் வெயிலில் நின்றது. ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் குவியல் அங்கே கிடந்தது. பிறகு ஒரு சிமெண்ட் ஆலைக்கு அனுப்பிச் சூளையில் போட்டு எரித்தார்கள். எரிப்பதற்கும் ஒரு அழகான பெயர் வைத்து, அதற்கும் ஒரு விழா எடுத்தார்கள். இப்போது பொறுப்பாளர் சின்ன முதலாளி. பாக்கெட்டிலிருந்த அந்த இன்னொரு அடுக்கைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். தன் கழுத்துக்குக் கத்தி வந்தால் பளபளப்பு இல்லாமலும் ஷாம்பு விற்கும் போலிருக்கிறது.

பொய்ச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டதற்காக அத்தான் மேலும் ஒரு வழக்கு இருந்தது, அதில் அவரை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் வீட்டிலேயே இருந்தார். அக்கா சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பிறகு கடைவீதியில் மொத்த விலைக்குக் கவர் விற்கிற ஒரு கடையில் வேலை கிடைத்தது. எல்லா அளவிலும், எல்லா நிறத்திலும் கவர். எடை போட்டுக் கொடுப்பது அவருக்குக் கைவந்த கலை, முதலாளிக்கு அவரைப் பிடித்துவிட்டது.

போன மாசம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தோம். ஊரிலிருந்து வந்த பெரியப்பாவுக்கு நடந்த கதை சரியாகத் தெரியாது. அத்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஆரம்பித்தார். ஒரு பெரிய கம்பெனியைத் தனி ஆளாக எதிர்த்து நின்றது, வக்கீலை வாயடைக்க வைத்தது, மனசாட்சிக்குப் பயந்து வேலையையே தூக்கி எறிந்தது. குரல் ஏறிக்கொண்டே போனது. அறையில் இருந்த மற்ற நோயாளிகளின் ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட மனுஷர் நம் குடும்பத்தில் இருப்பது பெருமை என்றார்.

அக்கா எதிர் நாற்காலியில் அம்மாவின் சொட்டு மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பெரியப்பா," என்றாள், "அந்த மெஷின்ல மோட்டார் இல்லைன்னு இவருக்கு எப்பத் தெரியும்னு கேளுங்க."

பெரியப்பா கேட்டார்.  நர்ஸ் வந்து அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும், அத்தான் முதல் ஆளாக எழுந்து உள்ளே போனார்.